டெக்சாஸில் மகனுக்குக் காலேஜ் ஃபீஸ்: எய்டு, லோன் எது கிடைக்கும்?

பிளேனோ அப்பா: வணக்கம். பையனுக்கு ஆகஸ்ட் 2026க்கு அரசு யூனிவர்சிட்டியில் இடம் கிடைச்சிருக்கு. ஆனா அவுட்-ஆஃப்-ஸ்டேட் ஃபீஸ் (வெளி மாநிலத்தவருக்கான அதிகக் கட்டணம்) போட்டிருக்காங்க. பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. டெபாசிட் கட்ட ஒரு வாரம்தான் இருக்கு. எய்டு, லோன் எப்படி வாங்குறது?

கேட்டி வாசி: ஃபாஃப்சா (மத்திய அரசு கல்வி உதவிக்கான விண்ணப்பம்) போடுங்க. 2026-27க்கு 2024 வருமானம் கேட்பாங்க. அப்போ இந்தியாவில் இருந்திருந்தா அந்தச் சம்பளத்தை டாலரில் மாற்றி நீங்களே நிரப்பணும். முதல் வருஷம் மாணவர் பேரில் 5,500 டாலர் கடன். பெற்றோர் பேரில் வாங்குற மத்திய அரசு ‘பிளஸ்’ கடன் ஜூலை 1, 2026 முதல் வருஷத்துக்கு 20,000, மொத்தம் 65,000 வரைதான்.

வரிக்கணக்கு: ஏஓடிசி என்கிற காலேஜ் செலவுக்கான வரிச்சலுகையை விடாதீங்க. செலவில் முதல் 2,000 டாலருக்கு முழுசா, அடுத்த 2,000க்கு 25 சதவீதம், ஆக 2,500. தம்பதியா ஃபைல் பண்ணும்போது வருமானம் 1,60,000 தாண்டினா குறையும், 1,80,000ல் ஒண்ணுமே கிடையாது. ஹாஸ்டல், சாப்பாடு கணக்கில் சேராது.

இர்விங் அக்கா: கிரீன் கார்டு இல்லாத எச்-4 (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைக்கு ஃபாஃப்சா மூலமா மத்திய அரசுக் கடனும் கிடையாது, கிராண்ட்டும் கிடையாது. அந்த 2,500க்கும் 2026 வரி ஆண்டு முதல் மாணவருக்கு எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) வேணும், ஐடின் (அது இல்லாதவங்களுக்குத் தர்ற வரி எண்) போதாது.

ஆஸ்டின் தம்பி: சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு மாசாமாசம் பிடிக்கிறாங்க, பிள்ளை படிப்புக்கு ஒரு கடன் கூடக் கொடுக்க மாட்டாங்களா!

கேட்டி வாசி: நியாயமான கோபம். புத்தகம், இன்சூரன்ஸ்னு அதுக்கு மேலயும் எத்தனை பில்!

இர்விங் அக்கா: அதை அப்புறம் பேசலாம், அவருக்கு ஒரு வாரம்தான் இருக்கு. அண்ணா, என்ன விசா? எப்போ வந்தீங்க?

பிளேனோ அப்பா: சொல்லாம விட்டுட்டேன்மா. எனக்கு எச்-1பி, பையன் எச்-4, 18 வயசு. அக்டோபர் 2025ல் வந்தோம்.

இர்விங் அக்கா: அப்போ கடனைவிட இன்-ஸ்டேட் ஃபீஸ்தான் (மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம்) உங்களுக்குப் பெரிய உதவி. டெக்சாஸில் எச்-4 பிள்ளைக்கும் அது உண்டு. ஆனா செமஸ்டர் சென்சஸ் தேதிக்கு (மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் நாள்) முன்னாடி பெற்றோர் 12 மாசம் இங்கே நிலையா வசிச்சிருக்கணும். ஃபால் (ஆகஸ்டில் தொடங்குற) செமஸ்டருக்கு அந்தத் தேதி வர்ற செப்டம்பரில் உங்களுக்கு 11 மாசம்தான் ஆகும், ஸ்பிரிங் 2027 (ஜனவரியில் தொடங்குற) செமஸ்டருக்குத் தகுதி வந்துடும். இங்கே வசிக்கிறதைக் காட்டுற ‘கோர் ரெசிடென்சி’ படிவத்தோட ஆபீஸிலிருந்து வேலைக் கடிதம், பே-ஸ்டப் (சம்பளச் சீட்டு), வீட்டு லீஸ் எல்லாம் அக்டோபர் 2025லிருந்து இடைவெளி இல்லாம எடுத்து வைங்க. தகுதி வந்ததும் தானா மாத்த மாட்டாங்க, நீங்கதான் கேட்கணும்.

ஃபால் செமஸ்டருக்கு ஒரு வழி இருக்கு. யூனிவர்சிட்டி போட்டி முறையில் தர்ற ஸ்காலர்ஷிப் 1,000 டாலராவது கிடைச்சா இன்-ஸ்டேட் ரேட் தரலாம். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கறதால நாளைக்கே டிபார்ட்மென்ட்டுக்கு எழுதுங்க. கிடைக்கலைன்னா அட்மிஷனை ஸ்பிரிங்குக்குத் தள்ள முடியுமான்னு டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க. கம்யூனிட்டி காலேஜில் சேர்த்தா செலவு குறையும், ஆனா அப்புறம் டிரான்ஸ்ஃபர் மாணவரா ஆயிடுவான், முதலாண்டு ஸ்காலர்ஷிப் கைவிட்டுப் போகும். எனக்கு அதில் இஷ்டமில்லை.

வரிக்கணக்கு: அக்கா சொன்ன எஸ்எஸ்என் விஷயம் சரி. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் சிட்டிசனோ கிரீன் கார்டுக்காரரோ கூடக் கையெழுத்துப் போடணும். ஊரில் நிலம் விற்றுப் பணம் கொண்டுவர்றதா இருந்தா என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவருக்கான இந்திய வங்கிக் கணக்கு) வழியா வரணும், இந்திய வருமான வரிப் படிவங்களும் தேவைப்படும். ஆடிட்டரை இப்பவே பிடிங்க.

இர்விங் அக்கா: இன்னொண்ணு. 21 வயசில் எச்-4 முடிஞ்சிடும், மூணாவது வருஷத்துக்குள்ள எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறணும். அப்பவும் இன்-ஸ்டேட் தொடருமான்னு ரெசிடென்சி ஆபீஸில் ஈமெயிலில் கேட்டு பதிலைப் பத்திரமா வைங்க.