டிராக்குக்கு பிரேக் பேட்: முன்னால என்ன போட்டீங்க, பின்னால என்ன போட்டீங்க? அனுபவத்த சொல்லுங்க

ஈசூன்காரன்:
மலேசியாவுல செப்பாங் ரேஸ் டிராக்குக்கு சொந்த வண்டிய எடுத்துட்டு போய்ட்டு வர்ற நம்ம ஆளுங்ககிட்ட முன்னாடி என்ன பேட் (டிஸ்க்க கவ்வி வண்டிய நிப்பாட்டுறது)னு கேட்டா கம்பெனி பேரு, கோடு நம்பரு, ஜேபில (ஜொகூர் பாரு) என்ன வெல, இங்க சிங்கப்பூர்ல எத்தன வெள்ளி எல்லாத்தையும் ஒப்பிப்பாங்க, பின்னாடி என்னப்பான்னு கேட்டா "அது ஸ்டாக்தான் லா, பின் பிரேக் என்ன பெருசா வேல செய்யுது"ன்னு முடிச்சிடுவாங்க. எனக்கு இந்தப் பேச்சே புடிக்காது. அதான் இத ஆரம்பிக்கிறேன், உங்க கதையையும் போடுங்க.

என் வண்டி சின்ன ஃப்ரண்ட் வீல் டிரைவ் ஹாட்ச், எடை ஒரு டன்ன ஒட்டி வரும். மொதல்ல நாலு பக்கமும் ஸ்டாக் பேட்லயே ஓட்டிப் பாத்தேன், வேணும்னேதான், வண்டியோட அடிமட்டம் என்னன்னு தெரியணும்ல. செப்பாங் ஒரு ரவுண்டு 5.543 கிலோமீட்டர், அதுல ரெண்டு நீள ஸ்ட்ரெய்ட், ஹேர்பின்ன (யூ மாதிரி திரும்புற வளைவு, அதான் டர்ன் 15) நடுவுல வச்சு ஒன்னோட ஒன்னு ஒட்டி வருது, அதனால டர்ன் 15லயும் டர்ன் 1லயும் பிரேக்குக்கு மூச்சு விட நேரமே கெடையாது. மூணாவது ரவுண்டுல டர்ன் 1க்கு முன்னாடி மிதிக்கிறேன், பெடல் கெட்டியாதான் இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குது, கருகுன வாடை ஏசி வழியா உள்ள வருது. இதுதான் பேட் ஃபேடு. பேட்ல இருக்குற பிசின் ரொம்ப சூடாகி கேஸ் விடுது, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல அது நின்னுக்கிது, நீங்க எவ்ளோ அமுக்குனாலும் புடிமானம் இல்ல. எதிர்பாத்து போனதால தூரமாவே பிரேக் பண்ணிட்டு இருந்தேன், ஒன்னும் ஆகல.

அடுத்து எல்லாரும் பண்றத பண்ணேன், முன்னால டிராக் பேட், பின்னால ஸ்டாக். நிக்குது, நல்லாவே நிக்குது. ஆனா மூக்கு குத்திட்டு நிக்குது. பின்னாடி வீல் சும்மா கூட வருது அவ்ளோதான். எல்லா சூடும் முன் டிஸ்க்குக்கே போகுது, பிட்டுல (டிராக் ஓரத்துல வண்டிய நிறுத்துற எடம்) எறங்கிப் பாத்தா முன் டிஸ்க்ல நீலம் பாய்ஞ்சிருக்கு, பின் டிஸ்க் பளபளன்னு புதுசா இருக்கு. புது பேட் சீக்கிரம் கரையுது, முன் டயரோட தோள்பட்டையும் காலி. பின்னாடி பேட்டுக்கு மிச்சம் புடிச்ச காசு இப்பிடி முன்னாடி போயிடுது.

அப்பறம் கூட வர்ற ஒரு நண்பர்கிட்ட கேட்டு, முன்னால இருந்த அதே காம்பவுண்ட (பேட் செய்யுற கலவை) பின்னாலயும் போட்டுப் பாத்தோம். இங்கதான் சுவாரசியம். நேரா பிரேக் பண்ணா சூப்பர், வண்டி அப்படியே தரையோட உக்காந்து நிக்கிது. டர்ன் 13 தாண்டி 14க்கு போறப்பதான் தெரிஞ்சிது. ஓட்டுனவங்களுக்கு தெரியும், அங்க நேரா நிப்பாட்டிட்டு திருப்ப முடியாது, ஏற்கனவே ஸ்டியரிங் வலது பக்கம் திரும்பியிருக்குறப்பவே பிரேக் பண்ணணும். அந்த நேரத்துல பின் பக்கம் எடையே இல்லாம தூக்கிக்கிட்டு இருக்கு, அதுல புடிமானம் அதிகமான பேட்டும் இருந்தா வால் வெளிய வர பாக்குது. அதவிட குழப்பம் என்னன்னா மொத ரெண்டு ரவுண்டு இப்படி ஆகல. பின் பேட் சூடே ஏறல, பேட் தூங்கிட்டு இருந்துச்சு, அப்பறமா சூடு ஏறுனதும் திடீர்னு முழிச்சிக்கிச்சு. அதாவது ரவுண்டுக்கு ரவுண்டு பேலன்ஸ் மாறுது, அத வச்சு எப்படி நம்பி ஓட்டுறது?

இப்ப என் கணக்கு இதான். பிரேக் பண்றப்ப எடை முன்னாடி போயிடுறதால வேலையில முக்கால்வாசி கிட்ட முன் பிரேக்தான் செய்யுது, பின்னாடி அந்தளவு சூடு வரவே வராது. அதனால பின் பேட்ட தேடுறப்ப மேல எத்தன டிகிரி தாங்கும்னு பாக்காதீங்க, கீழ எத்தன டிகிரியிலேர்ந்து கடிக்கும்னு பாருங்க. ஒரே கம்பெனியில முன்னாலவிட ஒரு படி சாதுவான காம்பவுண்ட். கார்போடெக் கம்பெனியில எக்ஸ்பி10 முன்னால, எக்ஸ்பி8 பின்னாலன்னு ரொம்ப நாளா ஆளுங்க போடுறது இந்த காரணத்துக்குத்தான். மழ பேஞ்சா இது இன்னும் முக்கியம், செப்பாங்ல மத்தியானம் எப்ப கொட்டும்னே சொல்ல முடியாது.

பிடோக்_பிஆர்இசட்:
அண்ணே, உங்க வண்டிக்கு சரி, எல்லா வண்டிக்கும் இத சட்டமா சொல்லிடாதீங்க. என்னது சுபாரு பிஆர்இசட், ரியர் வீல் டிரைவ், எடை முன்னால 53 சதவீதம் பின்னால 47. நான் முன்னாலயும் பின்னாலயும் ஒரே காம்பவுண்டுதான், ஃபெரோடோ டிஎஸ்2500 பேட், டர்ன் 14ல ஒரு பயமும் இல்ல. ரொம்ப சாதுவா பின்னால போட்டப்பதான் வண்டி திரும்ப மாட்டேன்னு அடம் புடிச்சிது. பின் பேட்ட ஆராய்ச்சி பண்ணாம விடக்கூடாதுன்றீங்களே, அத மட்டும் ஒத்துக்குறேன்.

இன்னொரு விஷயம். எங்க கூட ஒருத்தர் புது ஃப்ரண்ட் வீல் டர்போ வண்டியில வந்தாரு, அவருக்கு பின் பேட் முன் பேட்டவிட வேகமா தேஞ்சிது, எல்லாரும் தலைய சொறிஞ்சோம். கடைசியில பாத்தா ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் ஆன்ல இருந்துருக்கு. வளைவுல வண்டிய நேராக்குறதுக்கு கம்ப்யூட்டரே பின்னாடி பிரேக்க தனியா புடிச்சிட்டு இருக்கு, மனுஷனுக்கு தெரியவே தெரியாது. அதனால பேட் சரியில்லன்னு திட்டுறதுக்கு முன்னாடி அந்த பட்டன் எந்த மோட்ல இருக்குன்னு பாத்துடுங்க.

செங்காங் சித்தப்பா:
தம்பிகளா, பேட் பேட்னு பேசுறீங்க, பிரேக் ஆயில யாரும் கேக்க மாட்டேங்குறீங்க. ஈசூன் தம்பி சொன்னத கவனிங்க, பெடல் கெட்டி, வண்டி நிக்கல, அது பேட். பெடல் பஞ்சா உள்ள போச்சுன்னா அது பிரேக் ஆயில் கொதிச்சிடுச்சு, எந்த பேட் போட்டாலும் ஆகாது. எங்க ஆபிஸ் பையன் ஒருத்தன் டர்ன் 15க்கு முன்னாடி மிதிக்க பெடல் தரைக்கே போயிருக்கு, பம்ப் பண்ணி பம்ப் பண்ணி எப்படியோ நேரா ரன்ஆஃப்ல (டிராக் ஓரத்து காலி எடம்) போய் நிப்பாட்டிட்டான். பேட் புத்தம் புதுசு. ஆயில் எப்ப மாத்துனன்னு கேட்டா வண்டி வாங்குனதுலேர்ந்து தொடவே இல்லங்கிறான்.

பிரேக் ஆயில்ல டாட் 4 தரம்னா புதுசா இருக்கறப்ப கொறஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், தண்ணி சேந்துட்டா அந்த கணக்கு 155க்கு எறங்கிடும். நம்ம ஊரு ஈரக் காத்துல ஆயில் தண்ணி குடிக்காம என்ன செய்யும்? மோட்டுல் ஆர்பிஎஃப் 600 ஆயில் புதுசுல 312 டிகிரி. போறதுக்கு முந்துன வாரமே பழைய ஆயில எடுத்துட்டு புதுசு ஊத்தி ஃப்ளஷ் பண்ணிடுங்க. பேட்டும் பாதிக்கு மேல தேஞ்சிருந்தா கெளம்பாதீங்க, பேட் மெலிசானா சூட்ட தடுக்க ஆளில்ல, நேரா பேட்ட தள்ளுற பிஸ்டன் வழியா ஆயிலுக்கு போயிடும். இதுக்கும் பின் பேட்டுக்கும் சம்பந்தம் இருக்கு, பின்னாடி தன் பங்க செஞ்சாதான் முன்னாடி ஆயில் பொழைக்கும்.

உட்லண்ட்ஸ் வாசி:
டிராக் பேட்ட போட்டுக்கிட்டே வேலைக்கு போற ஆளு யாராச்சும் இருக்கீங்களா? நான் கொஞ்ச நாள் போனேன். காலைல மல்ட்டி ஸ்டோரி கார்பார்க்ல ரேம்ப் எறங்குறப்ப க்க்க்கீஈஈஈன்னு ஒரு சத்தம், நாலாவது மாடியில இருக்குற ஆண்ட்டி ஜன்னல தொறந்து பாக்குறாங்க. ஆறிப்போன பேட்டு மொத சிக்னல்ல கடிக்கவே யோசிக்குது. ரிம்ல ஒட்டுற தூள்ல இரும்பு இருக்கு போல, மழைல நனைஞ்சா துரு புள்ளி புள்ளியா, தேச்சாலும் போக மாட்டேங்குது. இப்பல்லாம் கெளம்புறதுக்கு முந்துன நாள் ராத்திரி மாத்திட்டு, வந்ததும் திருப்பி மாத்திடுறது. ஆனா ஒரே டிஸ்க்ல ரெண்டு காம்பவுண்டு மாத்தி மாத்தி போட்டா ஸ்டியரிங் உதறுது, டிஸ்க் வளஞ்சிடுச்சான்னு வொர்க்‌ஷாப்ல கேட்டா புதுசு மாத்துன்னு சொல்றாங்க.

ஈசூன்காரன்:
பெரும்பாலும் வளைஞ்சிருக்காது பிரதர். பேட்டோட பொருள் டிஸ்க் மேல ஒரு படலமா ஒட்டும், அது சமமா இல்லாம திட்டு திட்டா ஒட்டுனா இப்படித்தான் உதறும். நான் டிராக்குக்கு தனி டிஸ்க்கே வச்சிருக்கேன், பேட்டோட சேத்து கழட்டி பெட்டியில போட்டுடுவேன். செலவு மாதிரி தெரியும், ஆனா கணக்கு போட்டா அவ்ளோ இல்ல. பெட்டிங் (பேட்ட டிஸ்க்கோட பழக்குறது) பண்றத பிஐஇ, எஸ்எல்இ மாதிரி எக்ஸ்பிரஸ்வேல பண்ணாதீங்க, பின்னாடி வர்றவன் என்ன நெனப்பான். செப்பாங் உள்ள போயி மொத செஷன்ல கொஞ்சம் கொஞ்சமா அழுத்தத்த ஏத்திக்கிட்டே போங்க, முழுசா மட்டும் நிறுத்தாதீங்க. அப்பறம் ஒரு ரவுண்டு பிரேக்க தொடாம ஆறவிட்டு பிட்டுக்கு வாங்க. வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீங்க, கியர்ல விட்டு வீலுக்கு கட்ட வைங்க. சூடான பின் பேட்டு டிஸ்க்கோட ஒட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா அந்த எடத்துல திட்டு விழுந்துடும்.

தெம்பனிஸ் தம்பி:
அண்ணே, என் வண்டியில எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக். பின் பேட்ட நானே மாத்தலாமா?

செங்காங் சித்தப்பா:
மாத்தலாம், ஆனா மொதல்ல ஸ்கேனர் போட்டு சர்வீஸ் மோடுக்கு கொண்டு போகணும், அப்பத்தான் மோட்டார் பின்வாங்கும். அத விட்டுட்டு பிஸ்டன கிளாம்ப் வச்சு அமுக்குனா காலிப்பர் (பேட்ட அமுக்குற பாகம்) மோட்டாரே போயிடும். கேபிள் ஹேண்ட்பிரேக் வண்டின்னா பல வண்டியில பிஸ்டன திருகித்தான் உள்ள தள்ளணும், அதுக்கு தனி டூல் இருக்கு, என்கிட்ட ஒன்னு சும்மாதான் கெடக்கு. வேணும்னா சனிக்கிழமை பசியாறிட்டு வந்து வாங்கிக்க.