ஹைப்பரா, ஹைப்போவா? ஒரே மாதிரி ஆரம்பிக்கும் ஆங்கிலச் சொற்களால் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காவேரிக்கரை:
போன மார்கழியில் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்தால் தலையணை வரைக்கும் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். சர்க்கரை பார்க்கும் மிஷினில் பேட்டரி தீர்ந்திருந்தது. நர்ஸாக இருக்கும் சித்தி மகளுக்குப் போன் போட்டேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "அக்கா, இது ஹைப்..." வரைதான் தெளிவாகக் கேட்டது. எங்கள் வீட்டில் வருஷக்கணக்காகப் பயந்ததெல்லாம் சர்க்கரை ஏறுவதற்குத்தான். அதனால் ஹைப்பர், அதாவது ஏறிவிட்டது என்றே காதில் விழுந்தது.

அதே நேரம் அப்பா சீனி போட்ட காபியோடு வந்தார். டம்ளரைப் பிடுங்கி சிங்கில் கொட்டினேன். "ஏறிக்கிடக்கற சர்க்கரைக்கு இதை வேற கொடுக்கறீங்களா?" என்று கத்தினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வெறும் கையோடு நின்றார்.

108-இல் வந்தவர்கள் பார்த்தபோது சர்க்கரை 41. ஏறவில்லை, இறங்கியிருந்தது. அதுதான் ஹைப்போ. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

தறிச்சத்தம்:
எங்கள் வீட்டில் தைராய்டு. மனைவியின் ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் 14, பக்கத்தில் 'அதிகம்' என்று குறி. அதிகம் என்றால் ஹைப்பர்தானே என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தைராய்டு சுரப்பு குறையும்போதுதான் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி 'இன்னும் சுர, இன்னும் சுர' என்று டிஎஸ்எச்சைக் கூட்டி அனுப்பும். அந்த எண் ஏறினால் பெரும்பாலும் ஹைப்போ. இது டாக்டர் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தவளிடம், "ஹைப்பர் வந்தா இளைக்கணும், உனக்கு எடை ஏறுது. அப்போ சாப்பாடுதான் காரணம்" என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். மாத்திரை ஆரம்பித்து இப்போது நன்றாக இருக்கிறாள். நான் சொன்ன அந்த வாக்கியம்தான் எனக்குப் போகவில்லை.

பொருநைவாசி:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னொட்டுகளை ஒழுங்காகப் படித்தால் இந்தக் குழப்பமே வராது. இரண்டுமே கிரேக்கம். ஹைப்பர் என்றால் மேலே, ஹைப்போ என்றால் கீழே. தோலுக்குக் கீழே போடுகிற ஊசிக்கு ஹைப்போடெர்மிக் என்று பெயர் வந்ததும் அதனால்தான். இன்டர் என்றால் இரண்டுக்கு நடுவில், இன்ட்ரா என்றால் ஒன்றுக்குள்ளேயே. ஆன்ட்டி என்றால் எதிராக, ஆன்டி என்றால் முன்னால். பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனையை ஆன்டிநேட்டல் என்பது அதனால்தான். ஒரு நோட்டில் எழுதி வாரம் ஐந்தாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். என் மகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறேன். நானும் ஒரு தடவை இன்டர்நெட், இன்ட்ராநெட் இரண்டையும் ஒன்று என்று நினைத்து இன்டர்வியூவில் தடுமாறியவன்தான்.

பட்டறைக்காரன்:
பொருநைவாசி அண்ணே, முன்னொட்டு நன்றாகத் தெரிந்ததால்தான் எங்கள் பட்டறையில் தீப்பிடித்தது. பெயின்ட் அடிக்கிற இடத்தில் தின்னர் டின். மேலே 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தது. புதிதாக வந்த தம்பி பத்தாவது வரை படித்தவன், எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டான். "அண்ணே, 'இன்' வந்தா இல்லைன்னு அர்த்தம். இன்கம்ப்ளீட், இன்விசிபிள் மாதிரி. இது தீப்பிடிக்காது" என்று தைரியமாகச் சொல்லி, வெல்டிங் நடக்கிற இடத்துக்கு நாலடி தள்ளி வைத்தான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த விதிப்படி அவன் சொன்னதில் தப்பே இல்லை.

மூடி சரியாக மூடவில்லை. பொறி பறந்தது. முதலில் கீழே கிடந்த வேஸ்ட் துணிதான் பிடித்தது, நீல நிறத்தில், சத்தமே இல்லாமல். மணல் வாளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தம்பிக்கு முழங்கைக்குக் கீழே தோல் உரிந்தது.

ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் ஒரே அர்த்தம், எளிதில் தீப்பற்றும் என்பதுதான். அந்த 'இன்' லத்தீனிலிருந்து வந்தது, தீ மூட்டு என்ற வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. இல்லை என்கிற 'இன்' வேறு. இந்த ஆபத்துக்காகத்தான் இப்போது பல இடங்களில் லேபிளில் ஃப்ளேமபிள் என்று மட்டும் போட்டு, சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீச்சுவாலை படமும் போடுகிறார்கள். நம் ரோட்டில் ஓடும் டேங்கர்களின் பின்னால் பழைய வார்த்தை இன்னும் இருக்கிறது. நோட்டில் எழுதிப் படிக்கச் சொல்கிறீர்கள், சரி. இதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பனங்கூடல்:
நான் யாழ்ப்பாணம். எங்கட மாமிக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதினதை அவவுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். ஒருமுறை ஹைப்போடென்ஷன் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "பிரஷர் கூடிப்போச்சு மாமி" என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க உப்பில்லாத கஞ்சி. பின்னேரம் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்துவிட்டா.

உயர் குருதியமுக்கம், தாழ் குருதியமுக்கம் என்று எழுதியிருந்தால் முதல் எழுத்திலேயே வித்தியாசம் தெரிந்திருக்கும். ஆங்கிலச் சொல்லில் தலை ஒன்று, நடுவில்தான் மாறுகிறது. தொலைபேசியில் அந்த நடுதான் முதலில் அறுபடும். காவேரிக்கரை அக்கா, உங்கள் காதில் பிழை இல்லை.

மருந்துச்சீட்டு:
பதினாறு வருஷமாக மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறேன். ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கு, ஹைட்ராலசின் பிரஷருக்கு. அவசரமாக எழுதின சீட்டில் முதல் நாலு எழுத்தும் ஒரு கோடும்தான் தெரியும். ஒரு பாட்டிக்கு ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்துவிட்டேன், கவரில் போடும்போதுதான் "எனக்கு ஊறல்தான்பா" என்று பாட்டியே சொன்னார். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஜோடிகளில் மாறுகிற எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள். லோசெக் என்ற வயிற்று மருந்து லாசிக்ஸ் என்ற நீர் பிரியும் மருந்தோடு குழம்புகிறது என்று அங்கே அதன் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள்.

அப்புறம், எங்கள் கடைக்கு வரும் ஒரு நர்ஸம்மா சொல்லும் வழி: ஹைப்போவில் 'போ' இருக்கிறது, இறங்கிப் போச்சு. சந்தேகமாக இருந்து மிஷினும் இல்லையென்றால், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சீனி கரைத்துக் கொடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் ஏறியிருப்பதைவிட இறங்கியிருப்பதுதான் சீக்கிரம் ஆளைச் சாய்க்கும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

காவேரிக்கரை:
'போ' என்பதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவரே ஸ்கெட்ச் எடுத்து 'போ = இறங்கிப் போச்சு = சீனி' என்று காலண்டர் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி, அடுக்களையில் காபி டப்பாவுக்கு மேலே ஒட்டிவிட்டார்.