வேன் இல்லாத நாளில் யாரும் வருவதில்லை: பஸ்ஸில் தனியாகப் போய்வர எப்படிப் பழக்குவது?

கேள்வி:
பகல்நேர மறுவாழ்வு மையத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு, சிலருக்குப் பேனிக் (திடீரென்று வரும் கடும் பயம், படபடப்பு) தொல்லை. மையத்து வேன் வந்தால் கிளம்புகிறார்கள். இல்லையென்றால் வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். நூலகத்துக்கோ நண்பர் வீட்டுக்கோகூடத் தனியாகப் போவதில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
வேனை உடனே நிறுத்த வேண்டாம், பஸ் பழகும்வரை இரண்டும் இருக்கட்டும். முதல் பயணம் மையத்துக்கு வேண்டாம். பழகுகிறவர் எங்கே போக ஆசைப்படுகிறார் என்று கேட்டு, அங்கே போங்கள். கூட்டமில்லாத நேரம், வண்டி மாறத் தேவையில்லாத ரூட். துணைக்குப் போகிறவர் முதலில் பக்கத்து சீட்டில் உட்காரட்டும். அப்புறம் இரண்டு வரிசை பின்னால். அப்புறம் இறங்கும் ஸ்டாப்பில் காத்திருந்தால் போதும். கடைசியில் போன் மட்டும். ஒரு கட்டத்தில் பதற்றம் நன்றாகத் தணிந்த பிறகே அடுத்தது.

திரும்பி வருவதைத் தனிப் பயிற்சியாகப் பழக்குங்கள். எதிர்ப்பக்க ஸ்டாப், இருட்டு, களைப்பு எல்லாம் சேர்ந்து பலரும் தடுமாறுவது அதில்தான். சட்டைப்பையில் ஒரு அட்டை இருக்கட்டும்: வண்டி எண், இறங்கும் ஸ்டாப், அதற்கு முந்தின ஸ்டாப்பின் பெயர் (இறங்கத் தயாராக அதுதான் அடையாளம்), வண்டி வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது.

மறுமொழி 2:
மாத்திரையையும் கணக்கில் எடுங்கள். மனச்சிதைவுக்கான க்ளோசபின், ஓலான்சபின் மாத்திரைகளை இரவில் எடுப்பவர் பலருக்குக் காலையில் தூக்கம் கலையாது. 9 மணி நிகழ்ச்சியை 11 மணிக்கு மாற்றினாலே வருகை கூடலாம். சட்டென்று எழுந்தால் தலைசுற்றும், அதனால் வண்டி நின்றபிறகு எழச் சொல்லுங்கள். லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான மருந்து) எடுப்பவருக்குத் தாகமும் அதிகம், அடிக்கடி சிறுநீரும் வரும். வழியில் கழிப்பறை இல்லையே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி ஆபத்தாகும். கழிப்பறை உள்ள ரூட்டாகப் பாருங்கள், வழி நீளமாக இருந்தாலும்.

கேள்வி கேட்டவர்:
நடுவழியில் பேனிக் வந்தால் இறக்கிவிடலாமா?

மறுமொழி 3:
பேனிக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கினால், இறங்கியதால்தான் தப்பித்தோம் என்று மனம் பதிந்துவிடும். இன்னும் இரண்டு ஸ்டாப் உட்கார்ந்து பார்ப்போம் என்று கிளம்புமுன்பே பேசி வையுங்கள், ஆனால் இறங்கும் முடிவு அவருடையதுதான். மனச்சிதைவில் காதில் கேட்கும் குரல்கள் அதிகமாகி மிரட்டுகிற நாள் வேறு. அன்று பயிற்சி வேண்டாம், வீட்டுக்குத் திரும்பி மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்னொன்று, பஸ் கட்டணச் சலுகை அட்டையில் நோயின் பெயர் இருந்து கண்டக்டர் அதைச் சத்தமாகப் படித்தால், அட்டை வைத்திருப்பவர் மறுபடி பஸ் ஏறமாட்டார். நோய்ப்பெயர் இல்லாத அட்டை கேளுங்கள். ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை மனநலக் குறைபாட்டையும் சேர்த்தே பேசுகிறது; போக்குவரத்து அணுகல் அதன் 9ஆம் பிரிவில் இருக்கிறது. போக்குவரத்து நிர்வாகத்துக்கு எழுதும் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.