டீ-ஷர்ட் யூனிட் தொடங்க மெர்ச்சண்டைசிங் மட்டும் போதுமா?

கேள்வி: திருப்பூரில் ஏழு வருஷ மெர்ச்சண்டைசிங் (பையர்கிட்ட ஆர்டர் வாங்கி, அனுப்புற வரை கவனிக்கிற வேலை) அனுபவம். 10 மெஷினோட சொந்த யூனிட் போடலாமா, வேற டிபார்ட்மெண்ட்டும் பார்க்கணுமா?

பதில் 1: கட்டிங்கைப் பாருங்க. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணி) டீ-ஷர்ட்டுக்குச் சுமார் 200 கிராம் துணி. 1,000 பீஸுக்கு 200 கிலோ. மார்க்கர் (துணி மேல வெட்டு வடிவங்களை அடுக்குற வரைபடம்) சொதப்பி பீஸுக்கு 10 கிராம் கூடினாலே 48 பீஸ் குறையும். லாபமே அங்கதான் போகும்.

பதில் 2: ஸ்டான்ஃபோர்டு பிசினஸ் ஸ்கூல் பழைய மாணவர்களை வெச்சு பொருளாதார நிபுணர் எட்வர்ட் லேசியர் 2004இல் எழுதினதும் இதைத்தான்: பல பொறுப்பு பார்த்தவங்கதான் அதிகம் தொழில் தொடங்குறாங்க. ஆனா சும்மா கம்பெனி தாவுறது கணக்கில் வராது.

பதில் 3: அக்கவுண்ட்ஸை விட்டுட்டீங்களே! கூலி சனிக்கிழமை, பில் பணம் 45 நாள் கழிச்சு. ஆறு வாரக் கூலி கையில் வேணும். உத்யம் பதிவும் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முதல்லயே எடுத்துடுங்க.