வாய்க்காலுக்குச் சிமெண்டுக் கரை: பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாம்பாளக் கணக்கு

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வாய்க்காலைப் பொக்லைன் வைத்துத் தூர்வாரி இரண்டு கரைக்கும் சிமெண்டு போடுவது பற்றிப் போன வாரம் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது மூன்று காலைகளை அந்த வாய்க்காலுக்குள்தான் கழித்தேன். பெரியம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அவருடைய சீர்வரிசைத் தாம்பாளத்தைத்தான் புழு பார்க்க எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

மடல்களில் பாதிப் பேர் வாய்க்கால் செத்துவிட்டது என்கிறீர்கள். மீதிப் பேர் தோஹா மாமா அனுப்பிய ஆய்வுக்கூட அறிக்கையைக் காட்டி, தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்கிறீர்கள். இரண்டும் சரியில்லை.

மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தண்ணீர் பாலத்தடியில் நடுப்பகலில் எடுத்தது. பாசியும் நீர்ச்செடியும் வெயிலில் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அவையும் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைத் தின்று தீர்க்கும். விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வரும். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. வண்ணமீன் கடையில் வாங்கிய, ஆக்சிஜன் அளக்கும் சொட்டுமருந்துக் குப்பியால் காலை ஆறு மணிக்குப் பார்த்தேன். பிள்ளையார் கோவில் படித்துறையில் 5 காட்டியது. அரிசி ஆலையின் கழிவுநீர் விழும் குழாயைத் தாண்டி, தண்ணீர் ஓடும் திசையில் ஐம்பது அடி கீழே 1கூட ஏறவில்லை.

ஆனால் நான் நம்புவது குப்பியை அல்ல, புழுக்களை. நான் இருக்கும் இங்கிலாந்து ஊரில் தூண்டில்காரர்கள் மாதம் ஒருமுறை ஆற்றில் இறங்கி, மூன்று நிமிடம் அடித்தரையைக் காலால் கிளறி, வலையில் விழும் பூச்சிகளை எண்ணுவார்கள். நானும் சேர்ந்து போவேன். குப்பியில் பிடித்த தண்ணீர் அந்த நிமிடத்தை மட்டும் சொல்லும். பூச்சியோ வாரக்கணக்கில் அங்கேயே குடியிருந்து நல்லது கெட்டது அனைத்தையும் பட்டது. அங்கே ஒவ்வோர் உயிரினக் குடும்பத்துக்கும் மதிப்பெண் போடும் பழைய முறை ஒன்று உண்டு; அழுக்கைத் தாங்காத குடும்பத்துக்கு அதிக மதிப்பெண். ரத்தப்புழுவுக்கு 2, குளத்து நத்தைக்கு 3, ஊசித்தட்டானுக்கு 6, தட்டானுக்கு 8. எத்தனை கிடைத்தது என்பது கணக்கில்லை. எந்தெந்தக் குடும்பம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

நம் வாய்க்காலின் அடி சேறு என்பதால் கிளறுவதற்குப் பதிலாகக் கரையோரக் கோரையின் வேரடியில் கொசுவலையை ஓட்டினேன். படித்துறையில் தாம்பாளம் நிறைந்துவிட்டது. வாலில் மூன்று இலை வைத்த ஊசித்தட்டான் குஞ்சுகள், மூன்று வால் நூலும் விலாவில் துடிக்கும் செவுளுமாக ஒரு சிறு பூச்சி, இறால் குஞ்சு, நத்தை, இரண்டு அயிரை. சேற்றுநிறத் தட்டான் குஞ்சு ஒன்று கல் போலக் கிடந்தது. பக்கத்தில் கொசுப்புழு நெளிந்ததும், முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த தாடையைக் கை போல நீட்டிச் சுண்டி இழுத்துக்கொண்டது. சுற்றி நின்ற பிள்ளைகள் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கொசுப்புழு பிடித்துக்கொண்டு வந்தார்கள். அன்று குளிக்க எனக்குப் பத்து மணி ஆகிவிட்டது.

குழாய்க்குக் கீழே நெல் ஊறவைத்த தண்ணீரின் புளித்த வாடை. கோரைத் தண்டெல்லாம் சாம்பல்நிறப் பஞ்சு சுற்றியது போன்ற படலம். வலையில் வந்தவை ரத்தப்புழுவும் மண்புழு சாதிப் பொடிப்புழுவும் மட்டுமே. ரத்தப்புழு சிவப்பாக இருப்பதற்குக் காரணம் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான். மூச்சு முட்டும் இடத்திலும் அது பிழைத்துக்கொள்ளும். மூன்றாவதாகக் கடைமடைப் பக்கம் போனேன். அங்கே நத்தை திரும்பியிருந்தது, ஊசித்தட்டானும் ஒன்றிரண்டு இருந்தது. அந்தத் தூரத்துக்குள் வாய்க்கால் தன்னைத் தானே பாதி தேற்றிக்கொள்கிறது.

இங்கிலாந்து மதிப்பெண்ணை அப்படியே நமக்குப் போடக் கூடாது. அது வருடம் முழுவதும் ஓடும் ஆற்றுக்கு எழுதியது. நமக்கு மேட்டூர் ஜனவரி 28இல் மூடினால் ஜூன் 12 வரை புழுதிதான், அணையில் தண்ணீர் இல்லாவிட்டால் அதற்குப் பிறகும். ஒவ்வோர் ஆண்டும் பூச்சிகள் புதிதாகக் குடியேற வேண்டும். ஆகவே நம் வாய்க்காலை நம் வாய்க்காலோடுதான் ஒப்பிட வேண்டும்: ஒரே காலை, ஒரே வலை, குழாய்க்கு மேலும் கீழும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்ற சிங்கப்பூர் அண்ணனின் குறை நியாயமானது. அதற்கு வெங்காயத்தாமரையையும் காட்டாமணக்கையும் எடுத்தாக வேண்டும். முழுக்கப் பொக்லைனை விடாமல் ஆள் வைத்து, ஓர் ஆண்டுக்கு ஒரு கரையாக எடுக்கலாம். மறு கரையின் கோரையிலிருந்து உயிர்கள் திரும்பி வரும். சிமெண்டு போட்டால் வேர், நண்டு வளை, தட்டான் குஞ்சு ஒன்றும் தங்காது. கரையோரக் கிணறுகளுக்கு ஊறுகிற தண்ணீரும் குறையும். குழாயை விட்டுவிட்டுக் கரை கட்டினால் அது ஆலைக்கு நாம் செலவு செய்து கட்டிக்கொடுக்கும் சாக்கடை. ஆலை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், இங்கே எழுதவில்லை. நம் ஊர்ச் சங்கத்தின் பெயரில் முதலில் அவரைப் பார்த்துப் பேசுவோம். ஊறல் தண்ணீரைத் தொட்டியில் விட்டுத் தெளியவைக்கச் சொல்வோம். கேட்காவிட்டால் மாவட்ட நிர்வாகத்திடம் மனு.

ஆகஸ்டில், தண்ணீர் வந்து இரண்டு மாதம் ஓடிய பிறகு, சித்தப்பா மகன் அதே மூன்று இடத்தில் வலை போட ஒப்புக்கொண்டிருக்கிறான். அதுவரை சிமெண்டுக்கான வசூலை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். வலை பெரியம்மா வீட்டுத் திண்ணை உத்திரத்தில் தொங்குகிறது. தாம்பாளம் இனிமேல் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். யாராவது ஊருக்குப் போனால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு வாங்கிக் கொடுங்கள்.