பாப்பா படத்தைப் பார்த்துக் கேட்டவர்களுக்கு: குஸ்தியும் கேபிள் என்கிற கோச்சும்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பொங்கல் படங்களை அனுப்பும்போது கை தவறி இன்னொரு படமும் சேர்ந்து போய்விட்டது. என் மகள் இறுக்கமான கறுப்பு உடையில், இரண்டு காதையும் மூடி ஒரு கவசம் மாட்டிக்கொண்டு நிற்கிற படம். பொங்கல் படங்களைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம், இதற்கு மட்டும் பதினொரு பதில்கள். துபாய் மாமா "நீச்சலா மாப்ளே?" என்கிறார். சிங்கப்பூர்ச் சித்திக்கு, பிள்ளை காதில் தோட்டைக் காணோமே என்று கவலை. ஊரிலிருந்து அம்மா போனிலேயே பிடித்துக்கொண்டார்கள். தனித்தனியாக எழுத நேரமில்லை, எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நீச்சல் இல்லை மாமா, குஸ்தி. பள்ளிக்கூட அணியில் சேர்ந்திருக்கிறாள்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற இந்த அயோவா மாநிலத்தில் குஸ்தி என்றால் நம்ம ஊரில் கபடி மாதிரி என்று சொல்லலாம். ஆனால் அதுவும் போதாது. வெளியே மைனஸ் இருபதில் பனி கொட்டும். உள்ளே கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் கட்டிப் புரள்வதைப் பார்க்கப் பதினையாயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அறுபது எழுபது வயதுப் பாட்டிமார் எழுந்து நின்று "அவன் காலைப் பிடி" என்று கத்துவார்கள். அயோவா சிட்டியில் அந்த அரங்கத்துக்கு வெளியே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. டேன் கேபிள் என்கிற கோச்சின் சிலை. (டிவி கேபிள் இல்லை. எனக்கும் முதலில் அந்தக் குழப்பம் இருந்தது.) ஆள் உயிரோடு இருக்கும்போதே, 2012இல் வைத்த சிலை.

இந்த மனிதரைப் பற்றிச் சொன்னால்தான் பாப்பா ஏன் இதில் போய் விழுந்தாள் என்பது புரியும்.

நாங்கள் இருக்கிற சீடர் ராப்பிட்ஸிலிருந்து ஒரு மணி நேரம் வடக்கே போனால் வாட்டர்லூ. கேபிள் 1948இல் பிறந்தது அங்கேதான். பதினைந்து வயதில், அப்பா அம்மாவோடு மீன் பிடிக்கப் போயிருந்த நேரம், வீட்டில் தனியாக இருந்த அக்காவை யாரோ கொன்றுவிட்டார்கள். பக்கத்துப் பையன் ஒருவன் அக்காவைப் பற்றித் தப்பாகப் பேசியது கேபிளுக்கு நினைவு வந்து அப்பாவிடம் சொல்ல, பிறகு பிடிபட்டவனும் அவன்தான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்ற எண்ணம் அவரை விடவேயில்லை. அந்த வீட்டை விற்றுவிடலாம் என்று பெற்றவர்கள் பேசியபோது, தான் அக்காவின் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாராம். இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் குஸ்திதான் எல்லாம். உயர்நிலைப் பள்ளியில் 64 போட்டி, 64 வெற்றி. அயோவா ஸ்டேட் கல்லூரியில் 117 வெற்றி. ஆக வரிசையாக 181. 1970இல் கல்லூரி வாழ்க்கையின் கடைசிப் போட்டி, தேசிய இறுதி. எதிரே லாரி ஓவிங்ஸ். கேபிளோடு மோத வேண்டும் என்பதற்காகவே எடையைக் குறைத்து அவர் பிரிவுக்கு இறங்கி வந்தவர். கடைசி அரை நிமிடத்தில் ஆட்டம் கைமாறி, 13-11 என்று கேபிள் தோற்றார்.

அந்தத் தோல்வி அவரை ஒடித்திருக்கலாம். மறு வருடமே உலக சாம்பியன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆறு பேரோடு மோதித் தங்கம் வாங்கினார், அந்த ஆறு பேரில் ஒருவராலும் அவர்மேல் ஒரு புள்ளி எடுக்க முடியவில்லை. இன்றைக்கும் இந்த ஊர்க் கிழவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் தங்கத்தைவிட ஓவிங்ஸைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

சரி, கோச் கதைக்கு வருகிறேன். ஒலிம்பிக் முடிந்து அயோவா பல்கலைக்கழகத்தில் உதவிக் கோச்சாகச் சேர்ந்தார். படித்த கல்லூரிக்கு அது பரம எதிரி! 1976இல் தலைமைக் கோச். 21 வருடம் இருந்தார். 355 வெற்றி, 21 தோல்வி, 5 சமன். தேசியப் பட்டம் 15. அதில் 1978 முதல் 1986 வரை ஒன்பது வருடம் வரிசையாக.

1987இல் பையன்கள் உடையில் பத்து என்பதற்கான ரோமன் எழுத்தைப் போட்டுக்கொண்டு போனார்கள், பத்தாவது பட்டத்துக்கு. அந்த வருடம் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது வேறு யாருமில்லை, கேபிள் படித்த அதே அயோவா ஸ்டேட். ஜெயிக்குமுன்னே எண்ணைச் சட்டையில் எழுதலாமா? எங்க தாத்தா இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பார். மீண்டும் பட்டம் கைக்கு வர 1991 ஆயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வருடம். 1997 ஜனவரியில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை. மார்ச்சில் ஊன்றுகோலோடு பாய் ஓரத்தில் வந்து நின்றார். போட்டி நடந்ததோ சீடர் ஃபால்ஸில், அவர் பிறந்த வாட்டர்லூவை ஒட்டிய ஊர். அயோவா ஜெயிக்கும் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. 5 பையன்கள் சாம்பியன் ஆனார்கள், அணிக்கு 170 புள்ளி, அதுவரை யாரும் எடுக்காத கணக்கு. அதோடு ஒதுங்கிவிட்டார்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு: "பொட்டைப் பிள்ளைக்கு எதுக்குடா இது?"

கேபிளுக்கு நான்கும் பெண் பிள்ளைகள். அவர் கோச்சாக இருந்த காலத்தில் பெண்களுக்கு அணி கிடையாது. 2021இல்தான் அதே பல்கலைக்கழகம் பெண்கள் அணி அறிவித்தது. கோச் கிளாரிசா சுன், 2012 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். 2024 மார்ச்சில் எங்கள் சீடர் ராப்பிட்ஸிலேயே நடந்த போட்டியில் அந்தப் பிள்ளைகள் அணியாகக் களம் இறங்கிய முதல் வருடமே தேசியப் பட்டம் வாங்கினார்கள். பாப்பாவும் நானும் மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். வரும்போது காரில் பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அப்பா, நானும் சேரட்டுமா?" என்றாள்.

எடை குறைக்கச் சொல்லிப் பட்டினி போடுவார்களே என்று பயந்தேன். கேபிள் காலத்தில் ரப்பர் உடை போட்டு ஓடுவதும் சானாவில் வியர்த்துக் கொட்டுவதும் எல்லாக் கல்லூரியிலும் சகஜம். 1997 கடைசியில் எடை குறைக்கப் போய் மூன்று கல்லூரிப் பையன்கள் இறந்தார்கள். விதிகள் அதற்கப்புறம்தான் மாறின. இப்போது சீசன் தொடங்குமுன் சிறுநீரைச் சோதித்து, கொழுப்பை அளந்து, இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஓர் எடையை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பாப்பா போட்டிக்கு முதல் நாள் ராத்திரியும் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறாள்.

பயிற்சி அறை எப்படி இருக்கும் என்று சித்தி கேட்டார்கள். கிருமிநாசினி வாசமும் வியர்வை வாசமும் கலந்து மூக்கில் ஏறும். தினமும் பாயை மருந்து போட்டுத் துடைக்கிறார்கள், படை தொற்றக் கூடாதென்று. போட்டிக்கு முன் நடுவர் கையை நீட்டச் சொல்லி நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பார், தோலையும் பார்ப்பார். நகம் வெட்ட நான் மாதக்கணக்கில் கெஞ்சிய பிள்ளை, இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் தானே வெட்டிக்கொள்கிறாள் (வெள்ளிக்கிழமை நகம் வெட்டலாமா என்பதை அம்மாவிடம் யாரும் கிளப்ப வேண்டாம்).

காது: பாயில் உரசி உரசி மடலில் ரத்தம் கட்டினால் காலிஃபிளவர் மாதிரி வீங்கிவிடும். இங்கே பழைய குஸ்திக்காரர்களைக் காதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அதைத் தடுக்கத்தான் அந்தக் கவசம். நகை எதுவும் போட்டுக்கொண்டு இறங்க முடியாது.

இதுவரை ஒன்பது போட்டி. மூன்றில் ஜெயித்திருக்கிறாள். அடுத்தது சனிக்கிழமை காலை.

ஊரில் யாராவது அம்மாவைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள்: அவர்கள் செய்து போட்ட தோடு தொலையவில்லை. போட்டி நாளில் என் சட்டைப் பையில், பொட்டலமாக மடித்த டிஷ்யூவுக்குள் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சீடர் ராப்பிட்ஸிலிருந்து