தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் ஓடவில்லை, அவசர உதவி தேவை

துவாஸ்_பட்டறை: வணக்கம். பம்புகளின் உதிரிபாகங்கள் ஓர் அட்டவணையில் உள்ளன: தாய்ப் பாகம், பிள்ளைப் பாகம், அளவு. பம்பின் மொத்த எடையைக் கணக்கிட, தரவுத்தளத்தில் தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் (ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் சிறு நிரல்) எழுதினேன். உருவாக்கும்போது ஏற்றுக்கொள்கிறது, அழைத்தால் மறுக்கிறது. நாளைக் காலை எடைப் பட்டியல் போக வேண்டும்.

நீலவானம்: எந்தத் தரவுத்தளம்? எந்தப் பதிப்பு? என்ன பிழை?

செங்காங்_வாசி: நிறுத்தும் நிபந்தனை விடுபட்டிருக்கும். பிள்ளை இல்லாத பாகத்துக்கு எதைத் திருப்பித் தருகிறது? கோளாறு எப்போதும் அங்கேதான்.

பழைய_காகம்: தம்பி, இங்கே தொகுப்புகளாகச் சிந்திக்க வேண்டும். அட்டவணைத் தரவுத்தளத்துக்கு அடித்தளமிட்ட காட் 1970இல் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வாருங்கள். அடிப்படை தெரியாமல் ஃபங்ஷன் எழுத உட்காருகிறார்கள்.

நீலவானம்: ஐயா, பாகத்துக்குள் பாகமாக எத்தனை மட்டம் என்று தெரியாத மரத்தைக் காட்டின் தொகுப்பு இயற்கணிதத்தால் மட்டும் கடக்க முடியாது என்று கணினி அறிஞர்கள் அஹோவும் உல்மனும் 1979இலேயே காட்டிவிட்டார்கள். தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லின் 1999 தரத்தில் 'வித் ரிகர்சிவ்' (முந்தைய விடையிலிருந்து அடுத்த மட்டத்தைத் தேடும் கட்டளை) சேர்ந்தது இந்தத் தேவைக்காகத்தான். அவர் கேட்டதில் தவறில்லை.

பழைய_காகம்: ஆரக்கிள் தரவுத்தளத்தில் இதே வேலைக்கு 'கனெக்ட் பை' அதற்கு முன்பே இருந்தது. தரம் வந்துதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததா?

செங்காங்_வாசி: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஃபங்ஷன் தன்னையே தாராளமாக அழைக்கலாம். மாறிவிடுங்கள்.

நீலவானம்: நாளைக் காலைக்குள்ளா?

துவாஸ்_பட்டறை: மைஎஸ்கியூஎல் 8.0. பிழை 1424. நிபந்தனை இருக்கிறது.

நீலவானம்: அப்படியானால் உங்கள் நிரலில் குறையில்லை. மைஎஸ்கியூஎல் ஃபங்ஷனில் தன்னழைப்புக்கு அனுமதியே கிடையாது. புரொசீஜரில் (கட்டளைகளின் தொகுப்பாகச் சேமிக்கும் நிரல்) உண்டு, ஆனால் ஆழத்தின் வரம்பு இயல்பாகவே 0, உயர்த்தினாலும் 255தான். 'வித் ரிகர்சிவ்' எழுதுங்கள். முதல் வரிசையில் பம்பை 1 என்ற அளவோடு வையுங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் தாயின் அளவைப் பிள்ளையின் அளவால் பெருக்குங்கள். தன்னழைப்புப் பகுதிக்குள் கூட்டும் கட்டளையான 'சம்' போட முடியாது. எடையால் பெருக்கிக் கூட்டுவதை வெளியே வையுங்கள். பிள்ளை இல்லாத கடைநிலைப் பாகங்களை மட்டும் கூட்டுங்கள், இல்லையென்றால் எடை இருமுறை சேரும்.

செங்காங்_வாசி: மட்டங்களை இணைக்க, எல்லா வரிசைகளையும் வைக்கும் 'யூனியன் ஆல்' வேண்டாம், ஒரே மாதிரி வரிசைகளை நீக்கும் 'யூனியன்' போதும். ஒரு பாகம் சுற்றி வந்து தனக்கே பிள்ளையாகும் சுழற்சி இருந்தால் தானே நின்றுவிடும்.

பழைய_காகம்: நிற்காது. சுற்றும்போது அளவு மாறிக்கொண்டே போனால் ஒவ்வொரு வரிசையும் புதிதாகவே தெரியும். அதைவிட மோசம், ஒரே போல்ட் இரண்டு பாகங்களில் ஒரே அளவில் வந்தால் 'யூனியன்' ஒன்றை விழுங்கிவிடும். எடை குறைவாக வரும், யாரும் கவனிக்கமாட்டார்கள். 'யூனியன் ஆல்'தான் வேண்டும். சுழற்சியை இயல்பான 1000 சுற்று வரம்பு பிடித்துக்கொள்ளும்.

நீலவானம்: இதில் ஐயா சொல்வதே சரி.

துவாஸ்_பட்டறை: ஓடுகிறது. ஆனால் கேஸ்கெட் தாள் 0.5 என்று இருப்பது முழு எண்ணாக வருகிறது.

நீலவானம்: நெடுவரிசையின் வகையை முதல் பகுதிதான் தீர்மானிக்கிறது. அங்கே வெறும் 1 இருப்பதால் முழு எண்ணாகிவிட்டது. அதை வகை மாற்றும் 'காஸ்ட்' மூலம் டெசிமலாக (தசம எண்ணாக) மாற்றுங்கள்.

துவாஸ்_பட்டறை: சரியாகிவிட்டது. நன்றி அண்ணா.

செங்காங்_வாசி: போஸ்ட்கிரெஸ் 14இல் சுழற்சியைக் கண்டுபிடிக்கத் தனிச் சொல்லே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.